நடந்துட்டு வந்தா கதை வந்துடுமா?

"எழுத வரலையா? கொஞ்சம் நடந்துட்டு வாங்க. ஒரு காபி குடிங்க. மனசை லேசா விடுங்க. தானா வரும்."

எழுதற ஆள் யாராவது வாயைத் திறந்து "ரெண்டு வாரமா ஒரு வரி ஓடலை"ன்னு சொன்னா போதும், இந்த நாலு வாக்கியத்தையும் தட்டுல வெச்சு நீட்டிடறாங்க. தானா வருமாம். தானா வர்றது தும்மலும் கொட்டாவியும்தான் சார். சிறுகதை தானா வராது.

வீட்டு மோட்டார் ஓடுது, தண்ணி ஏறலைன்னு வைங்க. மெக்கானிக் வந்து "மோட்டாருக்கு மனசு சரியில்லை, காத்தாட விடுங்க"ன்னா சொல்றார்? முதல்ல கிணத்தை எட்டிப் பார்க்கறார், தண்ணி இருக்கான்னு. இருந்தா ஃபுட் வால்வ் கசியுதா, குழாய்ல காத்து அடைச்சிருக்கா, வோல்டேஜ் வருதான்னு ஒவ்வொண்ணா பார்க்கறார். நாலுக்கும் வெளியில தெரியற அறிகுறி ஒண்ணுதான்: தண்ணி வரலை. நாலுக்கும் வைத்தியம் வேற வேற. வறண்ட கிணத்துல வால்வை மாத்தி என்ன பிரயோஜனம்? எழுத்துக்கு மட்டும் எல்லாத்துக்கும் "ரைட்டர்ஸ் பிளாக்", அதாவது எழுத்துத் தடைன்னு ஒரே பேர் வெச்சு ஒரே கஷாயம் ஊத்தறோம்.

அந்தப் பேரை வெச்சவர் எட்மண்ட் பெர்க்லர்னு ஒரு மனப்பகுப்பாய்வாளர், 1940கள்ல. வெச்சதோட விட்டாரா, காரணத்தைக் கொண்டுபோய்க் கைக்குழந்தைப் பருவத்துல, தாய்–பிள்ளை உறவுல முடிச்சுப் போட்டார். ஒரு வரி எழுத முடியலைன்னா அதுக்கும் அம்மாதான் காரணம்! அவரைவிட நேர்மையானவர் டென்னிஸ் அப்பர். 1974ல ஒரு உளவியல் ஆய்விதழ்ல இந்தத் தலைப்புல கட்டுரை போட்டார். தலைப்பு இருக்கும், அடிக்குறிப்பு இருக்கும், நடுவுல வெறும் வெள்ளைத் தாள். எலுமிச்சைச் சாறு தடவிப் பார்த்தேன், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தேன், ஒரு பிழைகூடத் தட்டுப்படலைன்னு மதிப்பீட்டாளரும் எழுதிக் கொடுத்தார்.

நடக்கறது வீண்னு சொல்லலை. 2014ல ஸ்டான்ஃபோர்டுல சோதிச்சுப் பார்த்திருக்காங்க. ஒரு சாமானை வேற எதுக்கெல்லாம் பயன்படுத்தலாம்னு கேட்டா, உட்கார்ந்திருந்ததைவிட நடக்கறப்போ மக்கள் நிறைய யோசனை சொன்னாங்க. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவாங்க. அதே ஆய்வோட இன்னொரு பாதியைச் சொல்ல மாட்டாங்க: மூணு சொல்லைக் கொடுத்து மூணுக்கும் பொருந்தற ஒரே சொல்லைக் கண்டுபிடின்னு சொன்னப்போ, நடந்தவங்க கொஞ்சம் சறுக்கினாங்க. அதாவது, என்ன எழுதறதுன்னே தெரியாதவருக்கு நடை உதவும். கதை பாதியில முடிச்சு விழுந்து நிக்கறவருக்கு, நடந்தா கால்தான் வலிக்கும்.

சரி, கிணத்துல தண்ணி இருக்கு, ஆனா ஆரம்பிக்க முடியலை. இதுதான் ரொம்பப் பேருக்கு. பம்ப்ல காத்து ஏறிடுச்சுன்னா மேல இருக்கற மூடியைக் கழட்டி ரெண்டு சொம்பு தண்ணி ஊத்தி, அப்புறம் ஸ்விட்சைப் போடுவோம் இல்லையா, அதேதான் இங்கயும். நேத்து எழுதின கடைசி அரைப் பக்கத்தை எடுத்து, கையால, பேனாவால திரும்ப எழுதுங்க. மாத்தணும்னு தோணினா மாத்துங்க, இல்லைன்னா அப்படியே. அரைப் பக்கம் முடியறப்போ கை நிக்காது, அடுத்த வரிக்குத் தானா போகும். ஆந்தனி ட்ரொலப் பிரிட்டிஷ் தபால் இலாகாவுல உத்தியோகம் பார்த்துக்கிட்டே நாவலா எழுதிக் குவிச்ச ஆள். காலையில அஞ்சரைக்கு உட்காருவார், முதல் அரை மணி நேரம் முந்தின நாள் எழுதினதைப் படிப்பார். அப்புறம் கடிகாரத்தை எதிர்ல வெச்சு, கால் மணிக்கு 250 சொல். எல்லாரும் அந்த 250ஐப் பார்த்து மூக்கு மேல விரலை வைக்கறாங்க, முதல் அரை மணி நேரத்தை யாருமே கண்டுக்கறதில்லை. பம்ப்ல ஊத்தின தண்ணி அதுதான்.

தமிழ்ல எழுதறவங்களுக்குன்னு தனியா ஒரு அடைப்பு இருக்கு. அதை எந்த எழுத்துப் பயிற்சி வகுப்புலயும் சொல்றதில்லைங்கறதுதான் உச்சபட்ச எரிச்சல். "அவன் வேலை பார்த்தான்"னு எழுதறோம். நடுவுல "ப்" போடணுமா? விரல் நின்னாச்சு. (வேண்டாம். "வேலையைப் பார்த்தான்"னா மிகும், "ஐ" மறைஞ்சு நின்னா மிகாது.) தேடப் போறோம், ஒரு விளக்கத்துல ஆரம்பிச்சு பத்தாவது வீடியோவுல வந்து நிக்கறோம். முக்கால் மணி நேரம் காலி, கதைக்குள்ள இருந்த ஆள் வெளியில போய் டீ குடிச்சிட்டிருக்கார். ஒற்று சந்தேகம் வந்தா அந்த இடத்துல ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுட்டு மேல போங்க. முதல் பிரதி முடிஞ்சப்புறம் நட்சத்திரங்களை மட்டும் தேடித் தேடித் திருத்தினா, பத்துப் பக்கக் கதைக்கு இருபது நிமிஷம்கூட ஆகாது.

அதைவிடப் பெரிசு, எந்தத் தமிழ்ல எழுதறதுங்கற குழப்பம். தலைக்குள்ள வாக்கியம் "அவ வந்து நின்னா"ன்னு ஓடும். விரல் "அவள் வந்து நின்றாள்"னு தட்டும். உடனே உயிர் போயிடும், ஏதோ பாடப் புத்தகம் மாதிரி. அழிச்சிட்டு "நின்னா"ன்னு போட்டா, மத்த வரியெல்லாம் முறைக்குது. இப்படியே முதல் பத்தியை ஏழு தடவை அடிச்சு அழிச்சிட்டு "எனக்கு எழுத வரலை"ன்னு முடிவு கட்டிடறோம். எழுத வராம இல்லை. நடையை முடிவு பண்ணலை, அவ்வளவுதான். உட்காரறதுக்கு முன்னாடியே தீர்மானம் பண்ணுங்க: சொல்றவர் யார், அவர் யார்கிட்ட சொல்றார். முடிவு வரலையா, போன்ல குரல் பதிவை அழுத்தி, பக்கத்து வீட்டு அக்காகிட்ட சொல்ற மாதிரி நாலு நிமிஷம் கதையைச் சொல்லுங்க. கேட்டுக்கிட்டே தட்டுங்க. எங்க "நின்றாள்" வேணும், எங்க "நின்னா" வேணும்னு காதே சொல்லிடும். குரலை எழுத்தாக்கற வசதி இப்ப போன் கீபோர்டுலயே இருக்கு. அது பத்துல ரெண்டு சொல்லைக் கடிச்சுக் குதறும், பரவாயில்லை, முதல் பிரதிக்கு அது போதும்.

இனி கிணறே வறண்ட கேஸ். இங்கதான் அடுத்த அறிவுரைக் கும்பல் வருது: "வித்தியாசமா யோசிங்க. யாரும் எழுதாததை எழுதுங்க." யாரும் எழுதாத விஷயம்னு ஒண்ணு கிடையாது. யாரும் கவனிக்காத சின்ன விவரம் கோடி இருக்கு. ஒரு போட்டிக்குத் "தாய்மை"ன்னு தலைப்பு கொடுத்தா என்ன வந்து குவியும்? அம்மா சேலை வாசம், கூட்டுக் குருவி, முதியோர் இல்ல வாசல். பத்து ஐடியா கொடுன்னு ஏஐகிட்ட கேட்டாலும் இதே மூணைத்தான் பத்து விதமா மடிச்சுத் தரும், அதுக்கு ஊட்டினதே இதைத்தானே. தலைப்பை வெறிக்கறதை விட்டுட்டு வேற கேள்வி கேளுங்க: இந்த விஷயத்தை வேலையாவே தினம் கையாளறது யார்? அவங்க கையில என்ன சாமான் இருக்கு?

தாய்மைக்கு அங்கன்வாடி. அங்க கொக்கியில மாட்டின தொங்கு தராசு. குழந்தையைத் துணித்தொட்டில்ல போட்டு மாட்டறாங்க. போன மாசம் எடை குறைஞ்சதுக்கு டீச்சர்கிட்ட திட்டு வாங்கின ஒரு அம்மா, இந்தத் தடவை குழந்தையோட வெள்ளிக் கொலுசைக் கழட்டாம தொட்டில்ல வைக்கறா. கொலுசு என்ன, முப்பது கிராம் இருக்குமா? அந்தத் தராசோட முள்ளுக்கு நூறு நூறு கிராமுக்குத்தான் கோடு. கொலுசு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். அது அவளுக்குத் தெரியாது. பின்னால வரிசையில நிக்கற இன்னொருத்தி, எடை கம்மியா காட்டினா சத்துமாவு கூடக் கிடைக்கும்னு நினைச்சு, தன் பிள்ளை இடுப்புல இருக்கற வெள்ளி அரைஞாணை அவுத்துக்கிட்டு இருக்கா. கதை வந்தாச்சு. குருவி ஒண்ணுகூடத் தேவைப்படலை.

இந்த மாதிரி விவரத்துக்குக் காசு கொடுத்துப் பயிற்சிப் பட்டறைக்குப் போக வேண்டாம், அன்னைக்குப் பேப்பரோட வரி விளம்பரப் பக்கம் போதும். "இதுவரை இன்னார் என்று அழைக்கப்பட்ட நான் இனி இன்னார் என்று அழைக்கப்படுவேன்." ஐம்பது வயசுல ஒருத்தர் ஏன் பேரை மாத்தறார்? "அசல் கிரயப் பத்திரம் பேருந்துப் பயணத்தில் தொலைந்துவிட்டது." நிஜமாவே பஸ்லதான் தொலைஞ்சுதா, இல்லை தம்பி பீரோவுல இருக்கா? சுவத்துல ஒட்டியிருக்கற கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல போட்டோவைப் பார்க்காதீங்க, கீழ இருக்கற பேர் வரிசையைப் பாருங்க. மூணு மகன், ரெண்டு மருமகள். மூணாவது மருமகள் பேர் எங்க?

ஆனா இதையும் கெடுக்கறதுக்கு ஒரு வழி வெச்சிருக்கோம். குறிப்பு எடுக்கறேன்னு போன்ல நானூறு வரி. திறந்து பார்த்தா "தனிமை – முதியவர்", "மழை, பஸ் ஸ்டாண்ட்", "துரோகம்??" ஆறு மாசம் கழிச்சு அந்தத் "துரோகம்??" என்ன துரோகம்னு எழுதினவருக்கே தெரியாது. குறிப்புல ஒரு ஆளும் அந்த ஆள் செஞ்ச ஒரு செயலும் இல்லைன்னா அது வெறும் தலைப்பு. "டிக்கெட்டுக்குப் பின்னால கண்டக்டர் எழுதிக் கொடுத்த பாக்கி எட்டு ரூபாயை மறந்து இறங்கிட்டு, பஸ் நம்பரைச் சொல்லிக்கிட்டே அடுத்த ஸ்டாப் வரைக்கும் ஓடற பெரியவர்." இது குறிப்பு. ஒரு நாளைக்கு மூணு போதும், ஆனா அட்டையில, ஒரு அட்டைக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை கலைச்சுப் போட்டு, சம்பந்தமே இல்லாத ரெண்டை உருவி, ரெண்டுலயும் இருக்கறது ஒரே குடும்பம்னு வெச்சுப் பாருங்க. ஆறு தடவை உளறலா வரும், ஏழாவது ஒட்டும். போன்ல இருந்தா கலைக்க முடியாது, மேலயும் கீழயும் தள்ளிக்கிட்டேதான் இருப்போம்.

அடுத்தது பாதியில நிக்கற கதை. "பாட்டி திண்ணையில உட்கார்ந்து பழசையெல்லாம் நினைச்சுப் பார்த்தாள்." மூணு பக்கம் நினைச்சாச்சு, அப்புறம்? பாட்டிக்கு எதுவும் வேண்டாம், அதான் கதை நகரலை. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மனு எழுதித் தர்றவரைப் பாருங்க. அவர் உத்வேகத்துக்காகக் காத்திருந்தா மத்தியானச் சோறு கிடையாது. எதிர்ல வந்து நிக்கறவர் அழுதாலும் கத்தினாலும் அவர் கேக்கறது ஒண்ணுதான்: யாரு, யாருக்கு, என்ன வேணும், இதுக்கு முன்னாடி எப்பக் கேட்டீங்க? பாட்டிக்கும் ஒரு மனு எழுதுங்க. அனுப்புநர்: பாட்டி. பெறுநர்: மூத்த மகன். பொருள்: பின்கட்டு அறைக்கு மின்விசிறி மாற்றித் தருவது தொடர்பாக. பார்வை: போன தீபாவளிக்குக் கேட்டது, பொங்கலுக்குக் கேட்டது. பார்த்தீங்களா, "பார்வை" வந்ததுமே பாட்டிக்குக் கோபம் வந்துடுச்சு. கோபம் வந்தா திண்ணையை விட்டு எழுந்திரிச்சுத்தானே ஆகணும்?

"கட்டுப்பாடே இல்லாம சுதந்திரமா எழுதுங்க"ன்னு சொல்றவங்களை என்ன பண்றதுன்னே தெரியலை. ஈற்றடியைக் கொடுத்து மேல மூணு அடியை முடிக்கச் சொல்றதும், உதடு ஒட்டாம நிரோட்டம் பாடச் சொல்றதும் நம்ம ஊர் விளையாட்டு. புலவர்களுக்குப் பொழுது போகாததால இல்லை, வேலியைப் போட்டா மாடு இருக்கற இடத்துலயே நல்ல புல்லைத் தேடும். வெண்பா வேண்டாம், உரைநடைக்கே போடலாம். மனம், மௌனம், வலி, நினைவு, கண்ணீர் – இந்த அஞ்சு சொல்லும் வராம 300 சொல் எழுதிப் பாருங்க. முதல் பத்து நிமிஷம் கை கட்டின மாதிரி இருக்கும். அப்புறம் அழறவ அழாம என்ன செய்வான்னு யோசிக்க ஆரம்பிப்பீங்க: அரிசியில இல்லாத கல்லைப் பொறுக்குவா.

வோல்டேஜ் குறைவை மட்டும் எந்த உத்தியாலயும் சரிபண்ண முடியாது. ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஆபீஸ் வேலை பார்த்துட்டு அப்புறம் நாவல் வரலைன்னு அழுதா, வேண்டியது தூக்கம். எழுத்து மட்டுமில்லாம சாப்பாடு, தூக்கம், ஆள் முகம் பார்க்கறது எதுலயுமே வாரக்கணக்கா ஒட்டலைன்னா, அதுக்கு டாக்டரைப் பார்க்கணும். அவங்ககிட்ட அட்டை எழுது, மனு எழுதுன்னு யாரும் உபதேசம் பண்ண வேண்டாம்.

கடைசியா, நிறுத்தற இடம். எல்லாரும் வத்தற வரைக்கும் இறைச்சிட்டுத்தான் எழுந்திரிக்கறாங்க. மறுநாள் வந்து உட்கார்ந்தா வெறும் தரை. அடுத்து என்னன்னு நல்லாத் தெரியற இடத்துல, வாக்கியத்தோட நடுவுலயே நிறுத்தணும். "டீச்சர் தராசு முள்ளைப் பார்த்தாங்க, தொட்டிலுக்கு வெளியில நீட்டிக்கிட்டிருந்த கால்ல கொலுசைப் பார்த்தாங்க, நோட்டைத் திறந்து" – இங்க பேனாவை மூடுங்க. இப்ப வேணும்னா நடந்துட்டு வாங்க.