கட்டடத்தைப் பற்றி எழுத ஒரே வரிதானா?

அமெரிக்காவின் ஃபார்ம்வில் ஊரில் உள்ள பழைய மோட்டன் உயர்நிலைப் பள்ளியை 'சாதாரணச் செங்கல் கட்டடம்' என்று நான் படித்த ஒரு கட்டுரை ஒரே வரியில் தாண்டிவிட்டது. சரி, வெளியே பார்த்தால் அப்படித்தான். வர்ஜீனியா மாநிலத்தின் அந்தக் கிராமப்புறப் பகுதியில் கறுப்பின மாணவர்களுக்கென்று 1939இல் கட்டிய ஒற்றைத் தளப் பள்ளி. நடுவில் கூடம், சுற்றிலும் வகுப்பறைகள். உடற்பயிற்சிக் கூடமோ உணவுக்கூடமோ கிடையாது. 180 பேருக்கான இடத்தில் 450 பேருக்கு மேல் சேர்ந்தபோது நிர்வாகம் என்ன செய்தது தெரியுமா? மரச்சட்டம் அடித்து, தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளைப் பக்கத்தில் போட்டுக் கொடுத்தது. குளிருக்காக உள்ளே வைத்த அடுப்பை ஒட்டி உட்கார்ந்த பிள்ளைகள் வெந்தார்கள், தள்ளி உட்கார்ந்தவர்கள் குளிர்கோட்டுகளைக் கழற்றவே இல்லை. மழை வந்தால் ஒழுகல் வேறு.

அப்புறம் அந்த நடுக்கூடம். 1951 ஏப்ரல் 23 அன்று, ஒரு பொய்யான தொலைபேசி அழைப்பால் தலைமையாசிரியரை வெளியே போகவைத்துவிட்டு, 16 வயது பார்பரா ஜான்ஸ் மேடையேறி வகுப்புப் புறக்கணிப்புக்கு அழைத்தது அங்கேதான். அதிலிருந்து பிறந்த வழக்கு, அரசுப் பள்ளிகளில் மாணவர்களை நிறத்தால் பிரிப்பது செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன 1954 பிரவுன் தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்று. அந்தத் தீர்ப்புக்குப் பணிய மனமில்லாத உள்ளூர் நிர்வாகம் 1959 முதல் 1964 வரை அரசுப் பள்ளிகளையே இழுத்துப் பூட்டியது. கட்டுரையில் பாதியாவது இதற்குப் போயிருக்க வேண்டும். கட்டடம் இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.