மாணவர் அமைப்புக்கு டிரஸ்ட் வேண்டாம், சங்கமாகப் பதியுங்கள்

கோபி, சத்தியமங்கலம், பெருந்துறைப் பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் சிலர் சேர்ந்து அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மாலை வகுப்பு நடத்துகிறார்கள். நன்கொடை வரத் தொடங்கிவிட்டதால் அமைப்பைப் பதிவு செய்யப் போகிறார்கள். "டிரஸ்டாகப் பதிந்துவிடுங்கள், வேலை சீக்கிரம் முடியும்" என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வேண்டாம் என்று நான் உறுதியாகச் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் கல்லூரி, மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று பலவும் டிரஸ்டின் பெயரில் நடக்கின்றன. அதனால் அதுவே முதலில் நினைவுக்கு வருகிறது. சார் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிந்தால் போதும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தப் பத்திரத்தில் யாரெல்லாம் அறங்காவலர்களோ, அவர்கள் வைத்ததே சட்டம். வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் கிடையாது, பொதுக்குழு கிடையாது. பத்திரத்தில் பதவிக்காலம் எழுதாமல் விட்டால் ஆயுள் முழுக்க அவர்களே இருக்கலாம்.

இதன் விளைவைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ரத்ததானம், நூலகம் என்று ஓடியாடி வேலை செய்த ஒரு மாணவர் குழுவுக்காக, நலம் விரும்பி ஒருவர் தம் குடும்பத்தார் பெயரில் டிரஸ்ட் பதிந்து கொடுத்தார். சில ஆண்டுகளில் கருத்து வேறுபாடு வந்தது. அமைப்பின் பெயர், வங்கிக் கணக்கு, அலமாரி அலமாரியாகச் சேர்த்த புத்தகங்கள் எல்லாம் டிரஸ்டுக்கே சொந்தம் என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. அந்தப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கக்கூட இடமில்லை. அவர்கள் வெறுங்கையோடு வெளியே வந்ததை இன்று நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை.

கல்லூரிக்குள்ளேயே இயங்கும் மன்றம் என்றால் முதல்வரின் அனுமதி போதும், பதிவு எதற்கு? பல கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து பணம் வாங்கிச் செலவு செய்யும் அமைப்புக்கு 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமே பொருத்தம். ஏழு பேர் இருந்தால் பதியலாம். இருபது உறுப்பினர் சேர்ந்துவிட்டாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டுவிட்டாலோ பதிவு கட்டாயம். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர் வேண்டும்; அவர்களின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது. இந்தக் கடைசி விதிக்காகவே நான் சங்கத்தின் பக்கம் நிற்கிறேன். மூன்று ஆண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு திருப்பூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடும் பிள்ளைகளின் அமைப்பில், பொறுப்பு கைமாறுவதற்கான வழி எழுத்தில் இருந்தே ஆக வேண்டும். கூட்டுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் முறை என்று பேசி வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய மக்கள் நாம். இது நமக்குப் புதிதல்ல.

80ஜி என்று சொல்லப்படும், நன்கொடை தருபவர்களுக்கான வரிச்சலுகை டிரஸ்டுக்குத்தான் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பதிவு பெற்ற சங்கமும் வருமான வரித்துறையிடம் விண்ணப்பித்து அதைப் பெறலாம்.

கம்பெனிச் சட்டத்தின் எட்டாவது பிரிவில் லாப நோக்கற்ற நிறுவனமாகப் பதியலாம் என்றும் சிலர் யோசனை சொல்கிறார்கள். பெரிய அமைப்புகளுக்கு அது நல்ல ஏற்பாடு. மாணவர்களுக்குப் பெரும் சுமை. ஆண்டுதோறும் ஆடிட்டர் தணிக்கை கட்டாயம். செப்டம்பர் கடைசியில் பொதுக்கூட்டம் நடத்தினால், ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கெடு நவம்பரில், செமஸ்டர் தேர்வு நேரத்தில் வந்து நிற்கும். தவறினால் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். இதை யார் கட்டுவது?

சங்கம் என்றால் சண்டை வரும், இரண்டு கோஷ்டி உருவாகும் என்று பயமுறுத்துவார்கள். வரலாம். வாக்குரிமை இருக்கும் இடத்தில் கருத்து வேறுபாடும் இருக்கும். அதற்காக வாக்குரிமையையே பறிப்பது என்ன நியாயம்? சங்கத்தின் விதிமுறைகளான பைலாவைக் கவனமாக எழுதினால் பாதிச் சண்டை எழாது. இணையத்தில் கிடைக்கும் மாதிரியை அப்படியே நகலெடுக்காதீர்கள். படிப்பை முடித்தவர் ஆலோசகராக இருக்கலாம், வாக்கு கிடையாது என்று தெளிவாக எழுதுங்கள். சட்டம் மூன்று ஆண்டு வரை அனுமதித்தாலும் நீங்கள் ஓராண்டு என்று வையுங்கள். தேர்தலை ஆகஸ்டில் நடத்துங்கள். பழைய நிர்வாகிகள் கல்லூரியில் இருக்கும்போதே புதியவர்கள் கணக்கைக் கற்றுக்கொள்ளட்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் வங்கியிலிருந்து பணம் எடுக்க முடியும் என்று இருக்கட்டும். பதிவுக்குக் கையெழுத்திடும் ஏழு பேரும் பதினெட்டு வயது நிரம்பியவர்களாகவும், பெரும்பாலோர் இரண்டாம் ஆண்டு மாணவர்களாகவும் இருந்தால் நல்லது. ஏழு பேரும் கடைசி ஆண்டு என்றால் அடுத்த ஜூனில், கூட்ட முடிவுகளை எழுதி வைக்கும் மினிட் புத்தகம் யார் வீட்டுப் பரணில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும்.

தேர்தல் நடந்ததும் மாறிய நிர்வாகிகளின் பட்டியலையும், ஆண்டு முடிந்ததும் கணக்கையும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பல சங்கங்கள் இதைச் செய்யாமல்தான் முடங்கிக் கிடக்கின்றன. செயலாளருக்குத் துணையாக இந்த வேலைக்கென்றே ஒரு துணைச் செயலாளரை பைலாவிலேயே நியமித்துவிடுங்கள். பதிவு முகவரிக்கு விடுதி அறை சரிவராது. உள்ளூரிலேயே வீடு இருக்கும் உறுப்பினர் யாராவது பெற்றோரிடம் பேசிச் சம்மதக் கடிதம் வாங்கட்டும். பைலா வரைவு தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துத் திருத்தித் தருகிறேன்.