தமிழா, இங்கிலீஷா, ஒண்ணைச் சொல்லும்மா!

இன்னிக்கும் அதே கேள்வி. டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, ஒரிஜினல் தனியாக ஜெராக்ஸ் தனியாக அடுக்கிக்கொண்டு கல்லூரி ஆசிரியர் வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு மேசைக்குப் போனால், அந்த அலுவலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் பட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"எம்.ஏ. ஒப்பிலக்கியமா? இது தமிழா, இங்கிலீஷாம்மா?"

"ரெண்டும் வரும் சார். பல மொழி இலக்கியத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கிறது. சமஸ்கிருதம், தெலுங்கு, கிரேக்கம்னு மொழிபெயர்ப்புல..."

"அதெல்லாம் கேக்கலம்மா. தமிழா, இங்கிலீஷா? ஒண்ணைச் சொல்லு."

வேலைக்கு ஏற்ற பட்டங்களின் பட்டியலில் மேலிருந்து கீழே விரல் ஓடியது. பிறகு கீழிருந்து மேலே. இல்லை. சரி, தமிழ் மேசைக்குப் போ என்றார். போனேன். அங்கே இருந்த பேராசிரியர் மதிப்பெண் பட்டியலை வாங்கி, "தொல்காப்பியம் மூணு அதிகாரமும் படிச்சீங்களா?" என்றார். பொருளதிகாரம் படித்தேன் ஐயா, அரிஸ்டாட்டிலோடு சேர்த்துப் படித்தேன் என்றேன். "அப்போ எழுத்தும் சொல்லும் படிக்கலை. இங்கிலீஷ் மேசைக்குப் போங்க." போனேன். அந்த மேடம் பட்டியலைப் பாதிகூடப் பார்க்கவில்லை. "கவிஞர் சாசர் இல்லையே? பழைய ஆங்கிலம் இல்லையே? நீங்க தமிழ் மேசைக்குத்தான் போகணும்." மூன்று மேசைக்கும் நடுவே பத்தடி தூரம். மூன்று பேரும் எழுந்து ஒரு நிமிஷம் பேசியிருந்தால் முடிந்திருக்கும். ஒருவர்கூட நாற்காலியை நகர்த்தவில்லை. திரும்ப முதல் மேசை. "இணைத்தன்மைக்கு, அதாவது உன் பட்டம் இன்னொண்ணுக்குச் சமம்னு, அரசாணை இருக்காம்மா? எடுத்துட்டு வா, பாக்கலாம்." அரசாணை நான் போடுகிற சமாச்சாரமா?

யுஜிசி நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் ஒப்பிலக்கியம் தனிப் பாடம். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அதில் தேறலாம். தேறிவிட்டு வந்தால் உட்கார நாற்காலி கிடையாது. 1956-இல் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் வங்கக் கவிஞர் புத்ததேவ போஸ் இதற்கென்றே ஒரு துறை தொடங்கினார். எழுபது வருஷமாக நாட்டில் இருக்கிற படிப்பை நேற்று முளைத்தது மாதிரி பார்க்கிறார்கள்!

எனக்கு வயிறு எரிவது வேலைக்காக மட்டும் இல்லை. தமிழைத் தனியாகப் படித்து எவரால் முழுசாகப் படிக்க முடியும்? தண்டியலங்காரம் என்ற அணி இலக்கண நூலை எடுத்தால் பக்கத்தில் அதன் மூலமான தண்டியின் சமஸ்கிருதக் காவ்யாதர்சம் வேண்டும். மணிமேகலை 29-ஆம் காதையில் அறவண அடிகள் சொல்லும் அளவையியலை, அதாவது தர்க்கத்தை, நியாயப்பிரவேசம் என்ற பௌத்த சமஸ்கிருத நூலோடு வைத்துப் படித்தால்தான் பல இடம் துலங்கும். நான் அதைப் படித்த வகுப்பில் சமஸ்கிருதம் தெரிந்த தோழி ஒருத்தி ஒவ்வொரு எடுத்துக்காட்டாக அங்கிருந்து வாசிக்க, நான் இங்கிருந்து வாசித்தேன். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்று வரிசையாக இரண்டும் பொருந்திக்கொண்டே வந்தன. அன்றைக்கு எனக்குப் புல்லரித்தது. இதை எந்த மேசையில் போய்ச் சொல்ல?

தேம்பாவணி 3615 பாட்டு. எழுதியவர் இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கி, நம் வீரமாமுனிவர். பாட்டுடைத் தலைவர் ஏசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பர். பாட்டின் நடையில் கம்பனும் திருத்தக்கதேவரும் தெரிகிறார்கள். அது எந்தத் துறைக்காரர்களுக்குச் சொந்தம்? பர்மிங்ஹாமில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆராய்ச்சி செய்த ஈழத்து அறிஞர் கைலாசபதி, சங்கப் பாணரையும் புலவரையும் ஹோமருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அகப்பாட்டையும் ஹாலன் தொகுத்த பிராகிருதக் காதல் பாட்டுத் தொகுப்பான காதாசப்தசதியையும் அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் சேர்த்து வாசித்தார். இந்தப் பெயர்களையெல்லாம் மேடையில் சொல்லும்போது கைதட்டுவார்கள். கால்டுவெல்லுக்குக் கடற்கரையில் சிலை இருக்கிறது. 1856-இல் அவர் வெளியிட்டது திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்தானே? தனிநாயகம் அடிகள் 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டியபோது எத்தனை தேசத்து, எத்தனை மொழி அறிஞர்கள் வந்து உட்கார்ந்தார்கள்! அவர்கள் செய்த வேலையைச் செய்யப் படித்துவிட்டு ஒரு பொண்ணு வந்து நின்றால், பட்டியலில் பெயர் இல்லை என்கிறீர்கள்.

என் பின்னால் நின்ற பையன் மொழிபெயர்ப்பியல் படித்தவன். நாட்டார் வழக்காற்றியல் படித்த ஓர் அக்காவும் வரிசையில் இருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பதில். அந்த அக்கா கைக்குழந்தையோடு பஸ் பிடித்து வந்தவர். படிக்கச் சேரும்போது கட்டணம் வாங்கத் தெரிகிற அரசுக்கு, படித்து முடித்தவளை எங்கே உட்கார வைப்பது என்று மட்டும் தெரியாதா? பட்டியலில் ஒரு வரி சேருங்கள். அவ்வளவுதான் கேட்கிறோம்.

இதில் வாசலில் இருக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர் வேறு. ஊரெல்லாம் இரண்டு ரூபாய், இங்கே பக்கத்துக்குப் பத்து ரூபாய். ஏண்ணா என்று கேட்டால், வேண்டாம்னா பஸ் ஸ்டாண்டுக்குப் போய் எடும்மா என்கிறார். வேலை தேடி வருகிறவர்களிடம்தான் இந்தக் கொள்ளை அடிக்கணுமா?