ஓஎஸ் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா?

அப்டேட்டுக்கு அப்புறம் நீலத் திரை வந்த ஒரு பொண்ணோட லேப்டாப்புக்கு, ஃபைல் வேணுமான்னு கூடக் கேட்காம சர்வீஸ் கடையில ஓஎஸ் அடிச்சுட்டாங்க, அதாவது டிஸ்க்கைத் துடைச்சு விண்டோஸைப் புதுசா போட்டுட்டாங்க. நேத்து அந்த விவகாரத்துல கமெண்ட் போட்ட சர்வீஸ்காரங்கள்ல முக்கால்வாசிப் பேர் சொன்னது ஒரே வசனம்: "ஓஎஸ் அடிச்சா சரியாயிடும்." ஆமா, சரியாயிடுச்சு. அந்தப் பொண்ணோட ப்ராஜெக்ட் ஃபைலையும் சேர்த்துத் துடைச்சு சரியாயிடுச்சு.

அப்டேட்டுக்கு அப்புறம் நீலத் திரை வருதுன்னா முதல்ல எடுக்க வேண்டியது விண்டோஸைப் புதுசா போடுற பூட்டபிள் பென்டிரைவ் இல்லைங்க. பூட் ஆகும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு அணைங்க. ரெண்டு மூணு தடவை இப்படிச் செஞ்சா விண்டோஸ் தானா ரெகவரிங்கிற ரிப்பேர் மெனுவுக்குள்ள போகும். அதுல ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். கடைசியா வந்த குவாலிட்டி அப்டேட்டை (மாசாமாசம் வர்ற சின்ன அப்டேட்) கழட்டிப் பாருங்க. தீரலையா, ஸ்டார்ட்அப் ரிப்பேர், அப்புறம் பழைய நிலைக்குத் திருப்புற சிஸ்டம் ரீஸ்டோர்.

அதுவும் கைவிட்டுச்சுன்னா ஃபைலைக் காப்பாத்த அங்கேயே கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து notepad-னு டைப் பண்ணி நோட்பேடைக் கூப்பிடுங்க. ஃபைல், ஓப்பன், ஆல் ஃபைல்ஸ். அந்தக் குட்டி விண்டோவிலேயே ஃபோல்டரை காப்பி பண்ணி பென்டிரைவ்ல பேஸ்ட் பண்ணலாம். சி டிரைவ் வேற எழுத்துல இருக்கலாம், தேடுங்க. காப்பி ஓடும்போது உறைஞ்ச மாதிரி நிக்கும், பதறி அணைச்சுடாதீங்க. டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லாக்கர் 48 இலக்க கீ கேட்டா, பெரும்பாலும் கஸ்டமரோட மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்லயே இருக்கும். அதுக்கும் கஸ்டமரைக் கேட்கணும். கேட்கிறதுதான் கௌரவக் குறைச்சலாச்சே!

விண்டோஸ்லயே இருக்கிற ரீசெட் வசதியைப் பத்தி, "ரீசெட்டும் எல்லாத்தையும் தின்னுடும்"னு ஒருத்தர். அதுல கீப் மை ஃபைல்ஸ் கொடுத்தா படம், டாக்குமெண்ட் எல்லாம் நிக்கும். நாம போட்ட சாஃப்ட்வேர் போகும், ஸிங்க் பண்ணாத குரோம் புக்மார்க்கும் போகும். நான் மறைக்கலையே. பார்ட்டிஷனையே டெலீட் பண்றதும் இதுவும் ஒண்ணா?

"வைரஸ் வந்தா?" தாராளமா அடிங்க, டேட்டாவை எடுத்துட்டு. டிஸ்க்கே சாகுதுன்னா ரீசெட், ஓஎஸ் அடிக்கிறது ரெண்டும் வேலைக்காகாது, டிஸ்க்கை மாத்தணும்.

"கடை வாடகை யார் கொடுப்பா, நோண்டிக்கிட்டிருக்க நேரம் ஏது?" புரியுது. "ஃபைல் வேணுமா"ன்னு கேட்க எவ்வளவு நேரம் ஆகும்? "ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாதவன் தியரி பேசுறான்"னு எழுதினவருக்கு: டெலீட் பட்டன் அழுத்த ஸ்க்ரூடிரைவர் எதுக்குங்க?

இன்னொண்ணும் சொல்லிடறேன், கோபம் வந்தா வரட்டும். லேப்டாப்போட வந்த விண்டோஸ் எடிஷனான ஹோம் சிங்கிள் லாங்குவேஜோட லைசென்ஸ் கீ மதர்போர்டுலயே கிடக்குது. அதே எடிஷனைப் போட்டிருந்தா நெட் கிடைச்சதும் தானா ஆக்டிவேட் ஆயிருக்கும். அந்த எடிஷனை அழிச்சுட்டு திருட்டு ப்ரோ எடிஷன் போட்டு, விண்டோஸோட ஆன்டிவைரஸான டிஃபெண்டரை அணைச்சு, கள்ள ஆக்டிவேட்டர் ஓட்டித் தர்றீங்க. காசு கொடுத்து வாங்கின சரக்கைப் பிடுங்கிட்டுத் திருட்டுச் சரக்கைக் கையில கொடுத்ததுக்கு சர்வீஸ் சார்ஜ் வேறயா?