யோவான் ஸ்நானகன் அற்புதம் எதுவும் செய்யவில்லை

"பெரிய அற்புதங்கள் செய்ததால்தான் யோவான் ஸ்நானகனை இயேசு பெரியவர் என்றார்" என்று மேலே ஒரு சகோதரர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, பிரதர். யோவான் சுவிசேஷம் 10:41-ஐ எடுத்துப் பாருங்கள்: ஸ்நானகன் ஒரு அற்புதமும் செய்யவில்லை என்று ஜனங்களே சொல்கிறார்கள். 'கர்த்தருக்கு முன்பாகப் பெரியவனாயிருப்பான்' என்பதோ, அவர் பிறக்கும் முன்பே தூதன் அவருடைய தகப்பன் சகரியாவிடம் சொன்னது (லூக்கா 1:15). அப்போது சாதனை எங்கே இருந்தது?

ஸ்திரீகளிடத்தில் பிறந்தவர்களில் யோவான் ஸ்நானகனைவிடப் பெரியவன் இல்லை என்று இயேசு சொன்ன மத்தேயு 11:11-ஐ அதோடு பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமான கோளாறு. பரலோகராஜ்யத்தில் சிறியவனாயிருக்கிறவன் அவரிலும் பெரியவன் என்கிறது பிற்பாதி. சீஷர்களுக்கு இயேசு வைத்த அளவுகோலும் வேறு: மத்தேயு 18:4-ல் பிள்ளையைப்போலத் தன்னைத் தாழ்த்துகிறவன், மாற்கு 10:43-44-ல் பணிவிடைக்காரன், ஊழியக்காரன். சீஷர்களான யாக்கோபும் யோவானும் இயேசுவின் வலது, இடது பக்க இருக்கை கேட்டதை ஒட்டி வந்த பேச்சு இந்த மாற்கு வசனம். (அந்த யோவான் செபெதேயுவின் மகன், ஸ்நானகன் அல்ல.)