சின்னம்மாவைப் பேச விடுங்கள்

போன ஞாயிறு அம்மம்மாவின் நினைவு நாள். ஊத்தங்கரைக்குப் பக்கத்தில், பாம்பாறு அணை இலங்கைத் தமிழர் முகாமில் எங்கள் வீடு. படையல் முடிந்ததும் வழக்கம்போல வாட்ஸ்அப்பில் எல்லாரையும் அழைத்தோம். மன்னார் அடம்பனிலிருந்து சின்னம்மா, கொழும்பிலிருந்து சின்ன மாமா, இந்தப் பக்கம் அம்மாவும் பெரிய மாமாவும். நாலு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 1990இல் அம்மம்மாவோடு படகேறி ராமேஸ்வரம் வந்தவர்கள் அம்மாவும் பெரிய மாமாவும்தான். பத்து நிமிடத்தில் சண்டை. சின்ன மாமா இணைப்பைத் துண்டித்துவிட்டார். சின்னம்மா அழுதுகொண்டே இருந்தார்.

எப்போதும் 2009தான் சண்டை, இலங்கையில் போர் முடிந்த வருடம்.

பெரிய மாமா பெயிண்ட் வேலைக்குப் போகிறவர். இரவு வந்தால் யூடியூப். விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் உயிரோடு இருக்கிறார் என்று 2023 பிப்ரவரியில் தஞ்சாவூரில் பழ. நெடுமாறன் சொன்ன அன்று தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். இயக்கம் ஒரு தப்பும் செய்யவில்லை என்பார். சின்ன மாமா போர்க்காலம் முழுக்கக் கொழும்பில் இருந்தவர். இலங்கை அரசாங்கம் அந்தப் போரை ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்றது. இவர் வாயிலும் அதே வார்த்தைதான் வருகிறது.

போர் நடந்த இடத்தில் இருந்தவர் சின்னம்மா ஒருவர்தான். அடம்பனிலிருந்து ஊர் ஊராக இடம்பெயர்ந்து, போர் முடிந்த முள்ளிவாய்க்கால் வரை போனவர். அரசாங்கமே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்தில் ஷெல் விழுந்து, பக்கத்து பங்கரில் ஒருவர்கூட மிஞ்சாததைப் பார்த்தவர். பதினேழு வயது மகனை இயக்கப் பெடியள் இழுத்துக்கொண்டு போனதையும் பார்த்தவர். அவன் திரும்பி வரவில்லை. ஷெல்லைப் பற்றிச் சொன்னால் சின்ன மாமா, “அக்கா, பயத்தில உனக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும்” என்கிறார். மகனைப் பற்றிச் சொன்னால் பெரிய மாமா, “ஆரோ உனக்குச் சொல்லித் தந்திருக்கினம்” என்கிறார். பெற்றவளுக்கு அதை யார் சொல்லித் தர வேண்டும்?

ஐ.நா. பொதுச்செயலாளர் அமைத்த குழு 2011இல் இரண்டையும்தான் எழுதியது: ராணுவத்தின் ஷெல்லடியையும், புலிகள் மக்களை வெளியேற விடாததையும், பிள்ளைகளைப் பிடித்துப் போனதையும். மாமாக்கள் இருவருமே தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

பெரிய மாமா மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்லூரியில் படிக்கும்போது நானும் அவர் பக்கம் நின்று சின்னம்மாவிடம் வாதாடியிருக்கிறேன். நினைத்தால் நெஞ்சு எரிகிறது. பத்துக்குப் பத்து அறையில் முப்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர் அவர். 2021இல் அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. குடியுரிமை மட்டும் இன்னும் வரவில்லை. ஊரும் இல்லை, நாடும் இல்லை. இந்த நம்பிக்கையும் போய்விட்டால் தனக்கு என்ன மிச்சம் என்று பயப்படுகிறார். அது எனக்குப் புரிகிறது. ஆனால் அதற்கான விலையைச் சின்னம்மா ஏன் கொடுக்க வேண்டும்?

மாமா, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். வருகிற ஞாயிறு மறுபடி கூப்பிடப் போகிறேன். சின்ன மாமாவிடமும் பேசிவிட்டேன், வருகிறேன் என்றார். சின்னம்மா மகன் பேரை எடுத்தால் குறுக்கே பேசாதீர்கள். அவர் முழுவதும் சொல்லி முடிக்கட்டும்.