அரத்தால் ராவினால் அது எரர் காயினா?

மின்ட்டில், அதாவது நாணயச் சாலையில், செய்யும்போதே பிழையாகிப்போன காசுதான் எரர் காயின். சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சி. விளிம்பில் பிறைபோல் வெட்டுப்பட்ட பழைய ஸ்டீல் ஒரு ரூபாயை, "கிளிப் எரர் சார், மின்ட்டில் இருந்தே இப்படித்தான் வந்தது" என்று 800 ரூபாய்க்கு என் தலையில் கட்டிவிட்டார் ஒரு வியாபாரி. வீட்டில் லென்ஸ் வைத்துப் பார்த்தால், வெட்டின் மேல் வரிவரியாக அரத்தின் கோடு! வயிறு எரிகிறது.

உண்மையான கிளிப் அச்சடிப்பதற்கு முன்பே விழுவது. தகட்டிலிருந்து வில்லை, அதாவது இன்னும் அச்சடிக்காத வெறும் வட்டு, வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் கருவி இறங்கினால் பிறை விழும். அப்புறம் அந்த வில்லையை உருட்டி விளிம்பு எழுப்புவார்கள். வெட்டுள்ள இடத்தில் அழுத்தம் கிடைக்காததால், நேர் எதிர்ப்பக்கத்திலும் விளிம்பு சரியாக எழாது. பெரும்பாலான அசல் கிளிப்களில் இதைப் பார்க்கலாம். என் காசிலோ எதிர்ப்பக்க விளிம்பு மதில் மாதிரி நிற்கிறது!

பத்து ரூபாய் கதை இன்னும் மோசம். நடுவட்டு புரண்ட எரராம், ஆயிரக்கணக்கில் விலையாம். வளையத்தையும் நடுவட்டையும் சேர்த்து வைத்து ஒரே அடியில் அச்சிடுகிறார்கள். வட்டு வளையத்தில் இறுகுவதே அந்த அடியில்தான். அச்சு விழுந்தபின் வட்டு மட்டும் எப்படிப் புரளும்? யாரோ தட்டிக் கழற்றித் திருப்பிச் செருகியிருக்கிறார்கள். அவ்வளவுதான்.

இரண்டு காசை வைஸில், அதாவது பட்டறையில் இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியில், நெருக்கிவிட்டு 'புரோக்கேஜ்' என்கிறார்கள். அசலில், அச்சில் ஒட்டிக்கொண்ட முந்தைய காசுதான் அடுத்த வில்லையில் குழிவாக, இடம்வலம் மாறிப் பதியும். அது பதிந்த இடத்தில் வேறு வடிவமே இருக்காது. வைஸ் காசில் குழிந்த எழுத்துக்கு அடியில் பழைய வடிவம் நசுங்கிக் கிடக்கும். இது தெரியாமலா விற்கிறார்கள்?

பழைய காசின் பெயரில் நடக்கும் மோசடி பற்றி 2021-லேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது. ஆனாலும் 'இந்தக் காசு இருந்தால் லட்சாதிபதி' வீடியோக்கள் ஓய்ந்தபாடில்லை.

அதே கண்காட்சியில் ஒரு பள்ளிக்கூடப் பையன், சேர்த்த காசையெல்லாம் கொட்டி 'மெல்லிய வில்லை எரர்' ஒன்று வாங்கினான். எழுத்தெல்லாம் கரைந்துபோய், ஆசிட்டில் போட்டது பார்த்தாலே தெரிந்தது. 2011-க்கு முன் வந்த ஸ்டீல் ஒரு ரூபாய் 4.85 கிராம். எடை குறைவது மட்டும் எரருக்குச் சாட்சி இல்லை. வில்லை மெல்லியதாக இருந்தாலும் குறையும், ஆசிட் தின்றாலும் குறையும். எது என்று எழுத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியாதவர், தெரிந்தும் சொல்லாதவர், எரர் காயின் என்று போர்டு வைக்கக் கூடாது. பையனிடம் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்.